நல்ல பேட்டை

என் தங்கை கோவில்பட்டியிலிருந்து டெலிபோனில் பேசினாள். அவள் மகனுக்கு ஓசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் எஞ்சினீயர் உத்தியோகம். வேலையில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. கம்பெனி விடுதியில் இன்னும் ஐந்து நாள்தான் தங்கலாம். அதற்குள் ஜாகை பார்த்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டுமாம். இதையெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க ஒரு நாலு நாள் அவன்கூடப் போயிருந்து, நல்ல ஏரியாவாப் பார்த்து ஒரு வீடு பிடிச்சுக் குடுத்துட்டு வந்துருங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது தாயார்களின் நிரந்தரமான நம்பிக்கை. எனக்கு எல்லாம் தெரியும் என்பது என் தங்கைக்கு மட்டுமே உள்ள மூடநம்பிக்கை. காலேஜுப் படிப்பை நடுவழியில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். எஞ்சினீயருக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்று அவள் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மாமன் என்ற பதவிக்குப் பரீட்சை கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

புறப்படுவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் மூன்று பேரிடம் யோசனை கேட்டேன். மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் நண்பர், "ஓசூர்ல என்ன சார் இருக்கு? பையனை இங்கே தங்கச் சொல்லுங்க; கம்பெனி பஸ்ஸிலே போய் வரட்டும்" என்றார். நிலம் வாங்கி விற்கிற நண்பர், "வாடகைக்கு எதுக்கு? ஒரு மனையை வளைச்சுப் போடச் சொல்லுங்க, ஏர்போர்ட் வருது, மெட்ரோ வருது" என்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம ஜனங்க இருக்கிற ஏரியாவாப் பார்த்துக்குங்க, அதுதான் முக்கியம்" என்றார்.

இந்த மூன்று யோசனைகளையும் எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால், தமிழ்நாட்டில் வேலை நிமித்தம் ஊர் மாறுகிற ஒவ்வொரு வாலிபனுக்கும் இதே மூன்று பேர் இதே மூன்று யோசனைகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதைச் சொல்கிறவர் மட்டும் எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். வெளியே உரக்கச் சொல்லக் கூசுகிற ஒன்று என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

முதல் யோசனையை எடுத்துக்கொள்வோம். பெங்களூருக்கும் ஓசூருக்கும் நாற்பது கிலோமீட்டர். காகிதத்தில் அது ஒரு மணி நேரம். ரோட்டில் அது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. போக ஒன்றரை, வர ஒன்றரை என்று தாராளமாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மூன்று மணி. வருஷத்தில் இருநூற்றெண்பது வேலை நாள். மொத்தம் எண்ணூற்று நாற்பது மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக முப்பத்தைந்து நாள்! இருபத்துநாலு வயதுப் பிள்ளை வருஷத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டே கழிப்பதற்குப் பெயர் நகர வாழ்க்கையாம்!

நடுவில் ஒரு மாநில எல்லை வேறு இருக்கிறது. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, இந்தப் பக்கம் ஜூஜுவாடி. சாதாரண நாளில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற நாட்களும் உண்டு. 1991 டிசம்பரில் தெரிந்தது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் பஸ்கள் எரிந்தபோது தெரிந்தது. இரு மாநில பஸ்களும் எல்லையோடு நின்றுவிட, மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் ஜனங்கள் அந்த இடைவெளியை நடந்தே கடந்தார்கள். 2020 கொரோனா ஊரடங்கில், ஒரு பக்கம் வீடும் மறு பக்கம் வேலையுமாக இருந்தவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குப் போக இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது.

மனைவிக்குப் பெங்களூரில் வேலை, புருஷனுக்கு ஓசூரில் வேலை என்ற குடும்பங்கள் இருக்கின்றன. வயதான தாயாரின் வைத்தியம் அங்கே நடக்கிறது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துப் பரிதாபப்படுகிறேன். "ஓசூர்ல என்ன சார் இருக்கு?" என்கிறவரிடம்தான் என் சண்டை.

ஓசூரில் என்ன இருக்கிறது? கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் ஒரு குளிர்ந்த ஊர் இருக்கிறது. மலைமேல் சந்திரசூடேஸ்வரர் இருக்கிறார். மத்திகிரியில் 1824-இல் ஏற்பட்ட கால்நடைப் பண்ணை இருக்கிறது. சுற்றிலும் ரோஜாத் தோட்டங்கள் இருக்கின்றன. 1956-இல் மொழிவாரியாக மாகாணங்களைப் பிரித்தபோது சென்னை ராஜ்யத்திலேயே தங்கிவிட்ட இந்த ஊர், சேலம் ஜில்லாவில் இருந்து, 1965-இல் தர்மபுரி ஜில்லாவுக்குப் போய், 2004-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் சேர்ந்து, 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. சர்க்கார் இதன் விலாசத்தை இத்தனை தடவை மாற்றியும் ஊர் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் இங்கே ஒரே தெருவில் பேசப்படுகின்றன. காய்கறிக் கடையில் ஒருத்தி கன்னடத்தில் விலை கேட்கிறாள். கடைக்காரன் தெலுங்கில் சொல்கிறான். பேரம் தமிழில் முடிகிறது. இதைவிட நாகரிகமான ஊர் வேறெங்கே இருக்கிறது?

இந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளை ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், பிறகு சென்னையில் சட்டம். அதற்கப்புறம் சேலத்துக்குப் போய் வக்கீல் தொழில் தொடங்கினார். இன்றைய பாஷையில் சொன்னால், உத்தியோகத்துக்காக ஊர் மாறிய வாலிபர். அவருடைய அரசியலில் உடன்படாதவர்கள் உண்டு. நானும் சில விஷயங்களில் உடன்படாதவன்தான். ஆனால் ஒன்று பாருங்கள்: பிழைக்கப் போன அந்த ஊரிலேயே 1917-இல் அவர் நகரசபைத் தலைவரானார். "சேலத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வாரக் கடைசி ரயிலுக்குக் காத்திருக்கவில்லை.

இரண்டாவது யோசனைக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பிரயாணிகள் வந்து போகும்படியான விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் சட்டசபையில் அறிவித்தார்கள். நல்லதுதான், வரட்டும். ஆனால் பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வரக்கூடாது என்றொரு நிபந்தனை இருக்கிறது. மனை விற்கிறவரின் வண்ணக் காகிதத்தில் ஆகாய விமானம் உண்டு. அந்த நிபந்தனை இல்லை. மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரைக்கும் வந்தது. அங்கிருந்து ஓசூர் வரைக்கும் பேச்சு வந்திருக்கிறது. பேச்சின்மேல் ஏறிக்கொண்டு யாரும் வேலைக்குப் போக முடியாது. வேலையில் சேர்ந்து பத்து நாளான பிள்ளையின் தலையில் இருபது வருஷக் கடனை ஏற்றி, அவன் இன்னும் வாழத் தொடங்காத ஊரில் ஒரு முள்ளுக்காட்டு மூலையை வாங்க வைப்பவர் அவனுக்கு வீடு பார்த்துக் கொடுக்கவில்லை. தமக்குக் கமிஷன் பார்த்துக்கொள்கிறார்.

இதிலே ஒரு கிளை யோசனையும் உண்டு. போச்சம்பள்ளிப் பக்கம் ஸ்கூட்டர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தவனையும் "ஓசூரிலேயே தங்கு, அங்கேதான் ஏரியா நன்றாயிருக்கும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரியே ஐம்பது கிலோமீட்டர். போச்சம்பள்ளி அதற்கும் அப்பால். அவனுக்கு ஏற்ற ஜாகை கிருஷ்ணகிரிதான். முடிந்தால் இன்னும் கிட்டத்தில். வேலை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வாழ் என்பதைச் சொல்ல மாமா ஒருவர் கோவில்பட்டி வழியாக வரவேண்டுமா?

இனி மூன்றாவது யோசனைக்கு வருகிறேன். இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தேன். இதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

மருமகனும் நானும் ஒரு தரகரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தோம். பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, தளி ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு என்று ஊர் நாலா பக்கமும் கை நீட்டியிருக்கிறது. ஒவ்வொரு கையிலும் பத்துப் பதினைந்து 'நகர்'கள். கல்யாணம் ஆகாதவன் என்றதும் பல கதவுகள் திறந்த வேகத்திலேயே மூடின. தரகர் இதற்கெல்லாம் பழக்கப்பட்டவர். "பேச்சலருக்குக் குடுக்க மாட்டாங்க சார். லேடீஸ்னா இன்னும் கஷ்டம்" என்று சமாதானம் சொன்னார். படித்து, வேலை தேடிக்கொண்டு, மாதம் பிறந்தால் வாடகையை எண்ணிவைக்கக் கூடிய ஒரு பெண் தனியாக வந்து கேட்டால், அவளுடைய நடத்தையைப் பற்றி முடிவு செய்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்களாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு வீடு அகப்பட்டது. மாடியில் இரண்டு அறை. கிழக்குப் பார்த்த ஜன்னல். ஆழ்குழாய்த் தண்ணீர், மாநகராட்சித் தண்ணீர் இரண்டும் உண்டு. கம்பெனி பஸ் நிற்குமிடம் ஐந்து நிமிஷ நடை. வீட்டுக்காரர் அறுபது வயதுப் பெரியவர். காபி கொடுத்தார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் மரியாதையாகப் பேசினார். ஏதோ ஒரு கதையைப் படித்ததாகவும் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "நீங்க எந்தப் பக்கம் சார்?" என்றார். கோவில்பட்டிப் பக்கம் என்றேன். "அது சரி சார்... என்ன ஆளுங்க?" என்றார்.

நான் சொன்னேன்.

வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்துக்கொள்ளலாம். சமத்துவம், மனிதாபிமானம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிச் சன்மானம் வாங்கிய அதே வாயால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, பேரைக் கேட்டால் பேரைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியவர் முகம் மலர்ந்தது. "அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்லை. அட்வான்ஸ்கூட உங்க சௌகரியம்போல் குடுங்க" என்றார். பிறகு, எங்களைத் தம்மவராகச் சேர்த்துக்கொண்ட சலுகையில், மனம் விட்டுப் பேசினார்: "போன வாரம் தம்பி கம்பெனியிலேருந்தே ஒரு பையன் வந்தான் சார். விழுப்புரம் பக்கம். நல்ல பையன்தான். குணமாத்தான் பேசினான். விசாரிச்சேன். நமக்குச் சரிப்படாதுன்னு அனுப்பிட்டேன். நம்ம தெருவோட கௌரவம் ஒண்ணு இருக்கில்லையா?"

மருமகன் காபித் தம்ளரைக் கீழே வைத்தான். அப்புறம் பேசவே இல்லை. தெருமுனை திரும்பியதும் சொன்னான்:

"மாமா, அந்தப் பையன் எனக்குப் பக்கத்து சீட்டு. ஒரே நாள்தான் ரெண்டு பேரும் சேர்ந்தோம். ஒரே சம்பளம். மத்தியானம் ஒரே தட்டிலே சாப்பிடறோம். வீடு கிடைக்கலைன்னு மட்டும்தான் சொன்னான், ஏன்னு சொல்லலை." கொஞ்ச தூரம் நடந்து, "நீங்க ஏன் மாமா பதில் சொன்னீங்க?" என்று கேட்டான்.

ஒன்றும் தெரியாத பிள்ளை கேட்ட கேள்விக்கு எல்லாம் தெரிந்த மாமனிடம் பதில் இல்லை.

பேட்டை என்ற சொல்லை நான் அன்றிரவு லாட்ஜில் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். எங்கள் தகப்பனார் காலத்தில் ஏரியா என்று சொல்ல மாட்டார்கள். நல்ல பேட்டை, கெட்ட பேட்டை என்பார்கள். பேட்டை என்றால் சந்தை கூடுகிற இடம். நாலு திசையிலிருந்தும் வண்டிகள் வந்து அவிழ்த்துவிட்டு நிற்கிற இடம். பல ஊரார், பல ஜாதியார், பல பாஷைக்காரர் வந்து சேர்ந்தால்தான் அது பேட்டை. பின்னாளில் தொழிற்சாலைகளைக் கூட்டமாகக் கட்டியபோது, அந்த இடத்துக்குத் 'தொழிற்பேட்டை' என்று பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள்.

ஓசூர் அப்படிப்பட்ட பேட்டை. 1971-இல் சிப்காட் நிறுவனம் ஏற்பட்டது. பின்தங்கிய வறண்ட பூமியில் தொழில் வளர்க்க வேண்டும் என்று அந்தப் பத்தாண்டில் ஓசூரில் நிலம் எடுத்தார்கள். 1980-இல் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 ஓட ஆரம்பித்தது. 1984-இல் டாட்டாவும் தமிழ்நாடு சர்க்காரின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. இப்போது மின்சார ஸ்கூட்டரும், கைபேசியின் பாகங்களும் இந்தச் சுற்று வட்டாரத்தில் உற்பத்தியாகின்றன. ராமநாதபுரத்துப் பையனும் ஜார்க்கண்டுப் பெண்ணும் ஒரே கூரையின்கீழ் நிற்கிறார்கள். கைக்கடிகாரத்துக்குள் முள்ளைப் பொருத்துகிற விரல் எந்த ஜாதி விரல் என்று கடிகாரம் கேட்பதில்லை. நம்முடைய வீட்டுக்காரர் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் வந்த பையனைத் திருப்பி அனுப்பினார். தொழிற்பேட்டையில் எல்லோரும் கூடலாம். குடியிருக்கிற பேட்டையில் கூடாதாம். சேர்ந்து உழைக்கலாம், சேர்ந்து உறங்கி எழக்கூடாதாம்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடை, உணவு விடுதி, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று வரிசையாகப் பெயர் சொல்லி, அங்கெல்லாம் ஜாதி மதம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. வாடகை வீட்டை அந்த வரிசையில் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. 2005-இல் ஆமதாபாத் பார்சிகளின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழக்கில், அங்கத்தினர்களைத் தங்கள் சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. தெருவிலே கூடாது என்பதை வாசற்படிக்கு உள்ளே விட்டுவைத்திருக்கிறோம்.

மற்ற தேசங்களும் இந்த வியாதியில் கிடந்தவைதான். அமெரிக்காவில் நீக்ரோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களுக்கு விற்கமாட்டோம் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பத்திரத்தைக் கோர்ட்டு அமுல் செய்யாது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. வீடு மறுப்பதே குற்றம் என்று 1968-இல் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் சர்க்கார் கட்டிய அடுக்கு மாடிகளில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் தனித்தனியாகக் கூடாரம் போடாமல் இருக்க 1989 முதல் விகிதாசாரம் வைத்தார்கள். நம் ஊரிலும் அந்த முயற்சி நடந்திருக்கிறது. 1997-இல் திட்டமிட்டு, 1998-இல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறந்த சமத்துவபுரத்தில் நூறு வீடுகள்; நாற்பது ஆதிதிராவிடருக்கு, மீதி மற்ற எல்லாச் சமூகத்தாருக்கும். பொதுச் சுவர், பொதுக் குழாய், பொதுப் பள்ளிக்கூடம். ஏழைகளுக்குச் சர்க்கார் வீடு கட்டிக் கொடுக்கும்போது சேர்ந்து இருங்கள் என்று புத்தி சொன்னோம். காசுள்ளவர்கள் தாங்களே வீடு கட்டிக்கொண்ட நகர்களில் அந்தப் புத்தியை யார் சொன்னார்கள்?

"என் வீடு, என் இஷ்டம்" என்பார் வீட்டுக்காரர். அவருடைய கட்சியிலும் ஒரு நியாயம் உண்டு. ஆயுள் முழுவதும் உழைத்துக் கட்டிய வீடு. மாடியில் யாரோ வந்து குடியிருப்பது பெரிய விஷயம். வாடகை ஒழுங்காக வருமா, சத்தம் போடுவானா, காலி செய் என்றால் செய்வானா என்று கேட்கட்டும். நூறு கேள்வி கேட்கட்டும். எல்லாம் நடத்தையைப் பற்றிய கேள்விகள். நடந்துகொள்வதன் மூலம் பதில் சொல்லலாம். பிறப்பைப் பற்றிய கேள்விக்கு ஒருவன் எப்படி நடந்து பதில் சொல்வது?

ஆனால் என் குற்றச்சாட்டு வீட்டுக்காரர்மேல் மட்டும் இல்லை. அந்தக் கேள்வி உயிரோடு இருப்பது அவரால் மட்டும் அல்ல. பதில் சொல்கிற நம்மாலும்தான். பதில் சொல்லி, வீட்டைப் பெற்று, "அதிர்ஷ்டம், நல்ல ஏரியா கிடைத்தது" என்று ஊருக்கு எழுதுகிறோமே, நாம்தான் மாதம் தவறாமல் அந்தக் கேள்விக்கு வாடகை கட்டுகிறோம். படித்த வாலிபர்கள் பத்துப் பேர், பத்தே பேர், "அது உங்களுக்கு வேண்டாம் ஐயா, சம்பளச் சீட்டைப் பாருங்கள்" என்று எழுந்து வந்துவிட்டால், காலியாகக் கிடக்கிற மாடி வீட்டுக்காரருக்கு நல்ல புத்தி சொல்லும்.

மறுநாள் காலையில் பெரியவருக்குப் போன் பண்ணி வீடு வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு முந்திய தினம் வராத கோபம் அப்போது வந்தது. அது தாமதமான கோபம். அதற்கு நான் பெருமை கொண்டாட முடியாது.

பிறகு நாங்கள் வேறு முறையில் வீடு தேடினோம். அந்த முறையைச் சொல்கிறேன், யாருக்காவது பிரயோஜனப்படும்.

முதலில் தண்ணீர். இந்த ஜில்லாவின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு உண்டு. பல்லையும் எலும்பையும் அரிக்கும். அதற்காகத்தான் ஒகேனக்கலிலிருந்து ஜப்பான் கடனுதவியோடு காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து 2013-இல் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆகவே குழாயைப் பார்த்துத் திருப்தியடையாமல், அதில் என்ன தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள்; எதிர்வீட்டு அம்மாளைக் கேளுங்கள். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போய்ப் பாருங்கள்: பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து, மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெண்ணுரை ஆள் உயரத்துக்குப் பொங்குகிறது. விளம்பரக் காகிதத்தில் அதற்கு 'ஆற்றங்கரைக் காட்சி' என்று பெயர் இருக்கலாம்.

இரண்டாவது, இரவு. எந்தத் தெருவும் பகல் பதினொரு மணிக்கு யோக்கியமாகத்தான் இருக்கும். இரண்டாம் ஷிப்டு முடிந்து நடு ராத்திரியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, டீக்கடை திறந்திருக்கிறதா, தனியாக ஒரு பெண் நடந்து போகிறாளா என்று பாருங்கள். அவள் நிதானமாக நடந்தால் அது நல்ல தெரு.

மூன்றாவது, கணக்கு. தமிழ்நாட்டில் 2019-இல் அமுலுக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாது என்கிறது. பெங்களூர் வழக்கம் என்று சொல்லிப் பத்து மாதம் கேட்டால், பெங்களூர் அத்திப்பள்ளிக்கு அப்பால் இருக்கிறது என்று ஞாபகப்படுத்துங்கள். ஓர் அளவு வரைக்கும் மின்சாரத்தைச் சர்க்கார் இலவசமாகக் கொடுக்கிறது. அந்த இலவச மின்சாரத்துக்கும் குடித்தனக்காரனிடம் காசு வாங்குகிற வீட்டுக்காரர்கள் உண்டு. அதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நான்காவது, நீங்கள். குடிவந்த வீட்டின் விலாசத்துக்கு உங்கள் வாக்குச் சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஓசூர் மாநகராட்சிக்கு 2022-இல்தான் முதல் தேர்தல் நடந்தது, நாற்பத்தைந்து வார்டுகள். குண்டும் குழியுமான தெருவைப் பற்றிக் கைபேசியில் நாளெல்லாம் எழுதுகிற எஞ்சினீயருக்கு அந்த வார்டில் ஓட்டு இல்லை என்றால், கவுன்சிலர் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? லாட்ஜில் தங்குகிறவன் விரிப்பு அழுக்கு என்று புகார் செய்யலாம்; வீட்டைத் திருத்த முடியாது. சேலத்துக்குப் போன தொரப்பள்ளிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மாலை ஒரு வீடு கிடைத்தது. முதல் வீட்டைப்போல் அழகில்லை. ஜன்னல் மேற்குப் பார்த்தது. பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிஷம் நடக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற விதவை. இரண்டே கேள்விதான் கேட்டாள். "நைட் ஷிப்டு உண்டா தம்பி?" என்றாள். உண்டு என்றான். "அப்போ வரும்போது கேட்டைச் சத்தமில்லாமச் சாத்தணும். எனக்கு அப்புறம் தூக்கம் வராது. சம்மதமா?" என்றாள். சம்மதம் என்றான். அத்தனைதான் அவளுடைய அரசியல் சட்டம்.

கீழ்ப் பகுதியிலும் ஓர் அறை காலி என்று அவளே சொன்னாள். மருமகன் தெருவில் நின்றபடியே தன் சிநேகிதனுக்குப் போன் செய்தான். அரை மணியில் அந்தப் பையன் வந்தான். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள பையன். என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றான். "மாமான்னு கூப்பிடுடா" என்றான் மருமகன். அம்மாள் அவனிடமும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டாள். எனக்கு அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. காரணம் அவனுக்குத் தெரியாது. இதை அவன் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அன்றிரவு என் தங்கை போன் செய்தாள்.

"வீடு கிடைச்சுதா அண்ணே? நல்ல ஏரியாதானே?"

"நல்ல பேட்டை. அவன் சிநேகிதன் ஒருத்தனும் கீழ் ரூமுக்கு வர்றான். துணைக்குத் துணையாச்சு."

"நல்லதாப் போச்சு" என்றாள். ஒரு கணம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பையன் என்ன ஆளுங்க அண்ணே?"

"நான் கேக்கலம்மா" என்றேன்.